ஜக்லுல் பாஷாவும் குறைச் சுதந்திரமும்

அந்நிய ஆட்சிக்குட்பட்ட ஒரு தேசத்துக்கு இரண்டு வழிகளில் சுதந்திரம் மறுக்கப்படுவதுண்டு. கேட்பவனைச் சிறையில் அடைத்து, இல்லையென்று கையை விரித்துவிடுவது ஒரு வழி. கொடுத்துவிட்டோம் என்று உலகறியப் பிரகடனம் செய்துவிட்டு, அதன் உயிரான பாகங்களைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வது மற்றொரு வழி. முதலாவதை ஜனங்கள் எளிதில் உணர்ந்துகொள்கிறார்கள். இரண்டாவதை உணர்வதற்கு அநேக வருஷங்கள் செல்லும். சில சமயங்களில் தலைவர்களே அதில் மயங்கிவிடுகிறார்கள். இவ்விரண்டையும் தம் வாழ்நாளில் நேருக்கு நேர் கண்டவர் எகிப்து தேசத்தின் ஸாத் ஜக்லுல் பாஷா. அவர் இரு முறை தேசப்பிரஷ்டம் செய்யப்பட்டார். 1924-ம் வருஷத்தில் பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைந்த காலம் பிரதம மந்திரியாயிருந்தார். 1927-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி காலமானார்.

பத்து மாதத்துக்குள் பதவியிழந்த ஒரு மந்திரியின் சரித்திரம் இவ்வளவு காலத்துக்குப் பின் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதவியில் நீடித்தவர்கள் எத்தனையோ பேர் மறக்கப்பட்டுவிட்டனர். ஜக்லுல் மறக்கப்படவில்லை. ஜனங்கள் இட்ட கையெழுத்தினால் தலைவரானவர் அவர். அந்த ஜனங்களின் உரிமையைக் குறைக்கும் எந்த உடன்படிக்கையிலும் தம் கையெழுத்தை இட மறுத்தவரும் அவரே. இந்த மறுப்பின் பலம் என்ன, அதன் குறை என்ன என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

கிராமத்திலிருந்து கெய்ரோவுக்கு

நைல் நதியின் கழிமுகப் பிரதேசத்தில் கர்பியா ஜில்லாவைச் சேர்ந்த இபியானா என்னும் கிராமத்தில், 1850-களின் பிற்பகுதியில் ஸாத் பிறந்தார். தகப்பனார் அக்கிராமத்தின் தலைவர், நிலபுலன் உடையவர். துருக்கியரும் சர்க்காசியருமான வம்சங்களைச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் பாஷாக்களாக விளங்கிய நாட்டில், அரபு மொழி பேசும் உழவர் குடியில் பிறந்த ஒரு பிள்ளை பிரதம மந்திரியாவான் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க முடியாது.

கிராமப் பள்ளியில் ஓதிய பிறகு அவர் கெய்ரோவிலுள்ள அல் அஸ்ஹர் கலாசாலையில் சேர்ந்தார். ஆசியா முழுவதையும் அந்நியப் பிடியிலிருந்து எழுப்பக் கனவு கண்ட ஜமாலுத்தீன் ஆப்கானி அப்போது கெய்ரோவில் இருந்தார். அவருடைய பிரதம சிஷ்யர் முகம்மது அப்துஹு. இவ்விருவரின் சகவாசம் இளைஞராகிய ஸாதை உருவாக்கிற்று. அப்துஹு சர்க்கார் பத்திரிகையின் ஆசிரியராக நியமிக்கப்பட்டபோது ஸாத் அவருக்கு உதவியாளராய் அமர்ந்தார். தெளிவாக எழுதவும், எழுதியதைப் போலவே பேசவும் அவர் அங்கேதான் கற்றார்.

எகிப்தின் நிலைமை அப்போது பரிதாபகரமானது. கெதீவ் இஸ்மாயில் வாங்கிக் குவித்த கடன் தேசத்தின் கழுத்தை இறுக்கியது. 1875-ம் வருஷத்தில் சூயஸ் கால்வாயில் அவருக்கிருந்த பங்குகளை ஏறக்குறைய நாற்பது லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கிக்கொண்டது. கடன்காரர்களின் பிரதிநிதிகள் மந்திரிகளாயினர். இதைப் பொறாமல் அராபி பாஷா என்ற சேனைத் தலைவர் கிளர்ச்சி செய்தார். 1882-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைப் பீரங்கியால் தாக்கின. செப்டம்பரில் தெல் எல் கபீர் யுத்தத்தில் அராபி தோல்வியுற்றார். அன்று புகுந்த பிரிட்டிஷ் படை, வெகு சீக்கிரம் திரும்பிவிடும் என்று பலமுறை வாக்களிக்கப்பட்டும், எகிப்தை முற்றிலும் விட்டகல 74 வருஷங்கள் ஆயின.

அராபியின் கட்சியில் அநுதாபம் வைத்திருந்த ஸாத் வேலையை இழந்தார். மறு வருஷம் இரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவரென்ற சந்தேகத்தின்மேல் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். குற்றம் ருசுவாகாமையால் விடுதலை பெற்றார். அதன் பின் அவர் வக்கீல் தொழிலை மேற்கொண்டார்.

உத்தியோக வாழ்வு

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறையிலிருந்து வெளிவந்த ஜக்லுல் உடனே தேசத் தலைவராகிவிடவில்லை. அதன் பிறகு 30 வருஷ காலம் அவர் வக்கீலாகவும், நீதிபதியாகவும், மந்திரியாகவும், அந்நியர் வகுத்த வரம்புக்குள்ளேயே வாழ்ந்தார். 1892-ம் வருஷத்தில் அப்பீல் கோர்ட்டு நீதிபதியானார். நாற்பது வயதை நெருங்கிய பருவத்தில் பிரெஞ்சு மொழி கற்று, பிரெஞ்சுச் சட்டப் பரீட்சையில் தேறினார். 1896-ம் வருஷத்தில் பிரதம மந்திரி முஸ்தபா பஹ்மி பாஷாவின் குமாரி ஸபிய்யாவை மணந்தார். மாமனாரோ பிரிட்டிஷாரின் அந்தரங்க நண்பர்.

1906-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தின்ஷவாய் என்ற கிராமத்தில் ஒரு கொடுமை நடந்தது. புறா வேட்டைக்குச் சென்ற பிரிட்டிஷ் ராணுவ உத்தியோகஸ்தர்களுக்கும் கிராமவாசிகளுக்கும் கலகம் மூண்டது. ஓர் உத்தியோகஸ்தர் இறந்தார். விசேஷ நியாயஸ்தலம் ஒன்று கூடி, நான்கு கிராமவாசிகளைத் தூக்கிலிட்டது; வேறு பலரைச் சவுக்காலடிக்கவும் சிறையிலிடவும் தீர்ப்புச் செய்தது. அந்த நியாயஸ்தலத்தின் தலைவர் புத்ரோஸ் காலி பாஷா. நீதிபதிகளில் ஒருவர் ஜக்லுலின் சொந்தச் சகோதரரான அகமது பத்ஹி ஜக்லுல். தேசம் கொதித்தது. கொதிப்பைத் தணிக்க நினைத்த கிரோமர் பிரபு அதே வருஷத்தில் ஸாத் ஜக்லுலைக் கல்வி மந்திரியாக நியமிக்கச் செய்தார். மறு வருஷம் எகிப்தை விட்டுப் புறப்படும்போது ஜக்லுலை வெகுவாகப் புகழ்ந்தும் பேசினார்.

அந்நிய அதிகாரியின் புகழ்ச்சி தேசபக்தனுக்கு ஆபரணமாகாது. தீவிரவாதிகளான இளைஞர்கள் அவரைப் பிரிட்டிஷாரின் மனிதர் என்றே கருதினர். அவரோ கல்வி இலாகாவில் பிரிட்டிஷ் ஆலோசகரின் சொற்படி ஆடாமல், மந்திரியின் அதிகாரத்தை மந்திரியே செலுத்த வேண்டுமென்று போராடினார். அவர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் அரபு மொழிக்கு உரிய இடம் படிப்படியாக மீண்டது. 1910-ம் வருஷத்தில் நீதி மந்திரியானார். கெதீவோடு முரண்பட்டு 1912-ல் ராஜிநாமாச் செய்தார். 1913-ம் வருஷத்தில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் உபதலைவராகி, சர்க்காரை எதிர்க்கும் கட்சியின் வாயாக விளங்கினார். உத்தியோகத்தால் அடையக்கூடியது எவ்வளவு, அடைய முடியாதது எவ்வளவு என்பதை உள்ளிருந்தே அளந்தறிந்தவராக அவர் வெளியே வந்தார்.

கையெழுத்து இயக்கம்

1914-ம் வருஷத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. டிசம்பர் மாதத்தில் எகிப்து பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடென்று பிரகடனம் செய்யப்பட்டது. சட்டசபை மூடப்பட்டது. ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. உழவர்களைப் பிடித்துப் பாலஸ்தீனத்துக்கும் பிற இடங்களுக்கும் கூலிப்படையாகக் கொண்டுசென்றனர். அவர்களுடைய ஒட்டகங்களும் கழுதைகளும் தானியமும் பறிமுதலாயின. நாலு வருஷ யுத்தத்தின் பாரத்தைச் சுமந்த அந்த ஏழை ஜனங்கள், சமாதானம் வந்ததும் பலனை எதிர்பார்த்தனர். அமெரிக்கத் தலைவர் வில்ஸன் தேசங்களின் சுயநிர்ணய உரிமையைப்பற்றி விடுத்த செய்திகள் கெய்ரோவிலும் படிக்கப்பட்டன.

யுத்தம் நின்ற இரண்டாம் நாள், 1918-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, ஜக்லுலும், அலி ஷாராவி பாஷாவும், அப்துல் அஜீஸ் பஹ்மியும் பிரிட்டிஷ் ஹைக்கமிஷனரான ஸர் ரெஜினால்டு விங்கேட்டைக் கண்டு, பூரண சுதந்திரம் கோரி லண்டனுக்குச் செல்ல அநுமதி கேட்டனர். அநுமதி மறுக்கப்பட்டது. தேசத்தின் பேரால் பேச இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வியும் பிறந்தது.

இக்கேள்விக்கு ஜக்லுல் கண்ட பதிலே அவருடைய அரசியல் மேதையைக் காட்டுவது. அவர் வாதாடவில்லை. அதிகாரப் பத்திரங்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார். வக்கீலுக்குக் கட்சிக்காரன் எழுதிக்கொடுக்கும் வக்காலத்தைப் போன்றது அப்பத்திரம். கிராமத் தலைவர்களும், வியாபாரிகளும், வக்கீல்களும், உழவர்களும் கையெழுத்திட்டனர். சர்க்கார் பத்திரங்களைப் பறிமுதல் செய்யச் செய்யக் கையெழுத்துக்கள் பெருகின. தூதுக் குழு என்று பொருள்படும் வப்து என்ற பெயரே பின்னர் எகிப்தின் பெருங்கட்சியின் பெயராயிற்று. 1882-ல் அராபி பாஷாவுக்குப் படை இருந்தது, ஆனால் தோற்றார். 1918-ல் ஜக்லுலிடம் படை இல்லை, காகிதம்தான் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தால் வெல்ல முடியவில்லை.

மால்டாவும் பாரிஸும்

1919-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி ஜக்லுலும் மூன்று சகாக்களும் கைது செய்யப்பட்டு மால்டா தீவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மறு நாளே மாணாக்கர்கள் வீதிக்கு வந்தனர். வக்கீல்கள் கோர்ட்டுகளைப் பகிஷ்கரித்தனர். டிராம் வண்டிகள் நின்றன. ரயில்வே தொழிலாளிகள் வேலையை நிறுத்தினர். கிராமங்களில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. முக்காடிட்ட குல ஸ்திரீகள் ஊர்வலமாக வந்து துருப்புக்களின் துப்பாக்கிகளுக்கெதிரே நின்றனர். கோப்திய கிறிஸ்தவப் பாதிரியாரான செர்ஜியுஸ் அல் அஸ்ஹர் பள்ளிவாசலில் மேடையேறிப் பேசினார். பிறையும் சிலுவையும் சேர்ந்த கொடி பறந்தது. வகுப்புவாதத்தைக் காட்டியே ஆட்சியை நீட்டிக்க எண்ணியவர்களுக்கு இதைவிடத் தக்க விடை வேறில்லை. அடக்குமுறையில் நூற்றுக்கணக்கான எகிப்தியர் மாண்டனர்.

கணவர் சிறைப்பட்டபின் ஸபிய்யா அம்மையார் தம் வீட்டுக் கதவை மூடவில்லை. அந்த வீட்டில் கூட்டங்கள் நடந்தன. தேசத்தின் வீடு என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டனர். பிரிட்டிஷாரின் நண்பரான பிரதம மந்திரியின் மகளாய்ப் பிறந்தவர், எகிப்தியரின் தாய் என்று போற்றப்பட்டார்.

ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் சர்க்கார் பணிந்தது. புதிதாக வந்த அல்லன்பி பிரபு ஏப்ரல் 7-ந் தேதி தலைவர்களை விடுதலை செய்தார். அவர்கள் பாரிஸ் சமாதான மகாநாட்டுக்குச் சென்றனர். ஆனால், அவர்கள் அங்கு சேர்ந்த சமயத்திலேயே, எகிப்தின்மேல் பிரிட்டிஷாருக்குள்ள பாதுகாப்பு உரிமையை அமெரிக்கா அங்கீகரித்துவிட்டது. எந்த வில்ஸனை நம்பிப் போனார்களோ, அந்த வில்ஸனுடைய சர்க்காரே கதவை அடைத்தது! மகாநாடு அவர்களுடைய கட்சியைக் காதில் வாங்கவேயில்லை. பிறருடைய கருணையால் சுதந்திரம் வராது என்ற பாடத்தை ஜக்லுல் பாரிஸில் படித்தார்.

1919-ம் வருஷக் கடைசியில் மில்னர் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் எகிப்துக்கு வந்தது. தேசம் அதைப் பகிஷ்கரித்தது. எதைக் கேட்டாலும் ஸாத் பாஷாவைக் கேளுங்கள் என்றே உழவர்களும் பதில் சொன்னதாகக் கூறுவதுண்டு. சைமன் கமிஷனை 1928-ல் பகிஷ்கரித்த நம்மவர்களுக்கு இதன் பெருமை விளங்கும். இறுதியில் மில்னர் பிரபு 1920-ம் வருஷக் கோடையில் லண்டனில் ஜக்லுலோடேயே பேச வேண்டியதாயிற்று. சுதந்திரத்தை அங்கீகரிப்பதாகவும், அதற்குப் பதிலாகப் படையும் ஆலோசகர்களும் இருக்கவேண்டுமென்றும் ஒரு திட்டம் தயாராயிற்று. ஜக்லுல் அதை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. வக்காலத்துக் கொடுத்த ஜனங்களையே கேட்டு வரும்படி சகாக்களை எகிப்துக்கு அனுப்பினார். ஜனங்கள் திருத்தங்கள் கோரினர். திருத்தங்களைப் பிரிட்டிஷார் ஒப்பவில்லை. ஜக்லுல் கையெழுத்திடவில்லை.

நான்கு ஒதுக்கீடுகள்

இதற்கப்பால் நிகழ்ந்ததில் ஜக்லுலின் பேரில் குறை சொல்லாதிருக்க முடியாது. 1921-ம் வருஷத்தில் அத்லி யகன் பாஷா பிரதம மந்திரியாகி, பிரிட்டிஷாரோடு பேச்சு நடத்த முன்வந்தார். தூதுக் குழுவுக்குத் தலைமை வகிக்க வேண்டியவர் தாமே என்று ஜக்லுல் பிடிவாதம் செய்தார். பிரிட்டிஷார் தயவில் பதவி வகிக்கும் மந்திரி பிரிட்டிஷாரோடு பேசுவது ஒருவர் தம்மோடு தாமே பேசிக்கொள்வதற்கு ஒப்பாகும் என்பது அவருடைய வாதம். வாதம் கூர்மையானதுதான். ஆயினும் அத்லி தேசத் துரோகியல்லர். கர்ஸான் பிரபு முன்வைத்த நிபந்தனைகளை அவரும் நிராகரித்தே திரும்பினார். ஒரே முடிவுக்கு வந்த இரு தலைவர்கள் இரு கட்சிகளாய்ப் பிரிந்ததே மிச்சம். கூடியிருந்த வப்து உடைந்தது. பழைய தோழர்கள் பலர் விலகி, மிதவாதக் கட்சியைக் கண்டனர். இப்பிளவினால் அந்நியரும் அரண்மனையும் பிற்காலத்தில் அடைந்த லாபம் கொஞ்சமல்ல.

1921 டிசம்பரில் ஜக்லுல் மறுபடியும் கைது செய்யப்பட்டார். முதலில் ஏடன், பிறகு இந்து மகாசமுத்திரத்திலுள்ள செஷெல்ஸ் தீவு, தேகம் மெலிந்த பின் ஜிப்ரால்டர் என்று முதியவரை இடம் மாற்றினர். முஸ்தபா நஹாஸும், கோப்தியரான மக்ரம் உபெய்தும் செஷெல்ஸில் அவரோடு இருந்தவர்களில் சேர்ந்தவர்கள்.

அவர் தீவில் இருக்கையில் பிரிட்டிஷாருக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. ஜக்லுல் ஒப்பாத உடன்படிக்கையில் கையெழுத்திட எகிப்தில் எந்த மந்திரியும் துணியவில்லை. ஆகவே உடன்படிக்கை இல்லாமலேயே, 1922-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, பிரிட்டிஷ் சர்க்கார் தானாகவே எகிப்தைச் சுதந்திர நாடென்று பிரகடனம் செய்தது. அதே மூச்சில் நான்கு விஷயங்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. சாம்ராஜ்யப் போக்குவரத்தின் பாதுகாப்பு, அந்நியத் தாக்குதலிலிருந்து எகிப்தைக் காப்பது, அந்நியர்களின் நலனையும் சிறுபான்மையோரையும் காப்பது, சூடான். இந்நான்கும் போக எஞ்சியது சுதந்திரம்! நமது மாகாணத்தில் 1919-ம் வருஷச் சட்டத்தின்படி மந்திரிகள் வந்தபோது, போலீஸையும் பொக்கிஷத்தையும் கவர்னரின் நிர்வாக சபைக்கு ஒதுக்கிவைத்ததை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஆயினும் அந்தக் குறைப் பிரகடனமும் ஒரு கதவைத் திறந்தது. 1923-ம் வருஷம் ஏப்ரலில் அரசியல் சட்டம் பிறந்தது. பார்லிமெண்டைக் கலைக்கும் அதிகாரமும், செனெட்டில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கத்தினரை நியமிக்கும் அதிகாரமும் பௌத் அரசருக்குக் கிடைத்தன. ஜக்லுலும் விடுதலையடைந்தார்.

பிரதம மந்திரி

1924 ஜனவரியில் தேர்தல் நடந்தது. வப்து கட்சி ஏறக்குறையப் பத்தில் ஒன்பது ஸ்தானங்களைப் பெற்றது. தேர்தலை நடத்திய பிரதம மந்திரி யெஹியா இப்ராஹிமே தம் தொகுதியில் தோற்றார். ஜனவரி 28-ந் தேதி ஜக்லுல் பிரதம மந்திரியானார். இபியானா கிராமத்துப் பிள்ளை அரசருக்கு அடுத்த ஸ்தானத்தில் அமர்ந்தார்.

ஒதுக்கீடுகளை ஏற்காதவர் ஒதுக்கீடுகளின்மேல் எழுந்த பதவியை எவ்வாறு ஏற்றார்? இக்கேள்வியை அவர் காலத்துத் தீவிரவாதிகள் கேட்டனர். சட்டசபைப் பிரவேசத்தைப்பற்றி நம் தேசத்திலும் அதே காலத்தில் இதே சர்ச்சை நடந்தது. பதவியேற்பதால் 1922-ம் வருஷப் பிரகடனத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று ஜக்லுல் திட்டமாக அறிவித்தார். அவர் செய்தது சரியென்றே நாம் கருதுகிறோம். ஜனங்களின் பிரதிநிதிகள் அதிகாரத்தை ஏற்றுப் பார்த்தாலன்றி, எந்த அதிகாரம் தங்களிடம் இல்லை என்பதை ஜனங்கள் கண்ணால் காண முடியாது.

அவர் மந்திரி சபையில் இரண்டு கோப்தியர் இடம்பெற்றனர். அவர்களில் அந்நிய நாட்டு மந்திரியான வாஸிப் காலி, தின்ஷவாய் நியாயஸ்தலத்துக்குத் தலைமை வகித்த புத்ரோஸ் காலியின் புதல்வர். அந்த நியாயஸ்தலத்தின் ஒரு நீதிபதிக்குச் சகோதரர் பிரதம மந்திரி. அதன் தலைவருக்கு மகன் அவருடைய சகா. தூக்குமரம் நட்டவர்களின் குடும்பங்களிலிருந்தே தேசத்தின் மந்திரிகள் வந்தார்கள் என்றால், 1919-ம் வருஷ எழுச்சி மனிதர்களை எவ்வளவு மாற்றியிருக்க வேண்டும்!

ராணுவக் கோர்ட்டுகள் தண்டித்த அரசியல் கைதிகளை ஜக்லுல் விடுவித்தார். செனெட் அங்கத்தினரை நியமிக்கும் உரிமை அரசருடையதா, மந்திரி சபையினுடையதா என்று அரசரோடு தகராறு நேர்ந்தபோது, ஒரு பெல்ஜிய நியாய நிபுணரிடம் விவகாரத்தை விட்டு, மந்திரி சபைக்கே அவ்வுரிமை என்ற தீர்ப்பைப் பெற்றார். கத்தியின்றி அரண்மனையின் அதிகாரத்தைக் குறைத்த வெற்றி இது.

குறைகளையும் மறைக்கலாகாது. அலெக்ஸாந்திரியாவில் ஆலைத் தொழிலாளிகள் ஆலைகளைப் பிடித்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ஜக்லுலின் சர்க்கார் அதைக் கடுமையாக அடக்கியது. 1919-ல் துப்பாக்கிமுன் நின்ற ஸ்திரீகளுக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை. பார்லிமெண்டின் திறப்பு விழாவுக்குள்ளும் அவர்கள் அநுமதிக்கப்படவில்லை. வெளியே கோரிக்கைப் பலகைகளோடு நின்றனர். உத்தியோகங்கள் கட்சிக்காரர்களுக்கே போகின்றன என்ற புகாரும் எழுந்தது. சொந்த வாழ்விலும் அவர் குறையற்றவரல்லர். சீட்டாட்டப் பழக்கத்தை விடமுடியாமல் தவித்ததைத் தம் நாட்குறிப்பில் தாமே எழுதி வருந்தியிருக்கிறார்.

அந்த வருஷம் பிரிட்டனில் முதன்முதலாகத் தொழிற்கட்சி அதிகாரத்துக்கு வந்திருந்தது. ராம்ஸே மக்டொனால்டு பிரதம மந்திரி. அடிமை நாடுகளின் நண்பர் என்று பேர் வாங்கியவர். ஜூலை மாதத்தில் கெய்ரோ ரயில் நிலையத்தில் ஓர் இளைஞனால் சுடப்பட்டுக் காயமடைந்து தேறிய ஜக்லுல், செப்டம்பர் மாதக் கடைசியில் லண்டனில் அவரைச் சந்தித்தார். பிரிட்டிஷ் படை நீங்க வேண்டும். ஆலோசகர்கள் போக வேண்டும். சூடான் எகிப்தைச் சேர வேண்டும் என்று கோரினார். சூயஸ் கால்வாய் என்றதும் தொழிற்கட்சியும் பழைய கட்சியும் ஒன்றாகிவிட்டன. பேச்சு முறிந்தது. ஜக்லுல் இம்முறையும் கையெழுத்திடாமல் திரும்பினார்.

ஐந்து தினங்கள்

1924-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி, எகிப்தியச் சேனையின் தளகர்த்தரும் சூடானின் கவர்னர் ஜெனரலுமான ஸர் லீ ஸ்டாக் கெய்ரோவில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். இப்படுபாதகத்தால் மிகவும் இடியுண்டவர் ஜக்லுலே. வெடிகுண்டையும் துப்பாக்கியையும் நம்பியவர்கள், ஜனங்களின் கையெழுத்தால் ஐந்து வருஷங்களில் கட்டியதை ஐந்து நிமிஷத்தில் இடித்துவிட்டனர்.

22-ந் தேதி அல்லன்பி பிரபு குதிரைப்படை சூழப் பிரதம மந்திரியின் காரியாலயத்துக்கு வந்து இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும். குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும். அரசியல் ஆர்ப்பாட்டங்களைத் தடுக்க வேண்டும். 5 லட்சம் பவுன் அபராதம் கட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சூடானிலிருந்து எகிப்தியப் படைகளை வாபஸ் பெற உத்தரவிட வேண்டும். சூடானில் கெஜீராப் பாசனத்துக்கு இருந்த வரம்பு நீங்கும். இவை அவற்றில் முக்கியமானவை. கெய்ரோத் தெருவில் நடந்த கொலைக்கும் நைல் நதித் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? எகிப்தின் உயிர் நைல். அந்த உயிரின்மேல் கை வைக்கலாம் என்று காட்டுவதே கருத்து.

மன்னிப்பையும் தண்டனையையும் அபராதத்தையும் ஜக்லுல் ஒப்புக்கொண்டார். அபராதத் தொகையைக் கட்டியும்விட்டார். சூடானைப் பற்றிய நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். பிரிட்டிஷ் துருப்புக்கள் அலெக்ஸாந்திரியா சுங்கச் சாவடியைப் பிடித்துக்கொண்டன. 24-ந் தேதி அவர் ராஜிநாமாச் செய்தார். அடுத்து வந்த ஜிவார் பாஷா நிபந்தனைகளுக்கு இணங்கினார். நான்கு ஒதுக்கீடுகள் என்பவை காகிதத்திலிருந்த வெறும் எழுத்துக்களல்ல, தேசத்தின் கழுத்திலிருந்த சுருக்கு என்பதை அந்த ஐந்து தினங்கள் விளக்கின.

நியாயமாகப் பேசுவதானால் இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். சூடானைப்பற்றி எகிப்தும் பிரிட்டனும் வழக்காடின. சூடானியரின் விருப்பத்தை இரு தரப்பாரும் முதலில் வைக்கவில்லை. 1956 ஜனவரி முதல் தேதி அவர்கள் தனிச் சுதந்திர நாடாயினர். தனக்குச் சுயநிர்ணயம் கேட்ட தேசம் அண்டை தேசத்துக்கும் அதை அளித்திருக்க வேண்டும். ஜக்லுலின் பார்வைக்கு எட்டாத இடம் அது.

சபாநாயகர்

1925-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி கூடிய புதிய பார்லிமெண்டு, சர்க்காரின் எதிர்ப்பை மீறி, ஜக்லுலைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கே அது கலைக்கப்பட்டது. பிறந்த தினத்திலேயே மாண்ட அத்தகைய பார்லிமெண்டு உலகச் சரித்திரத்தில் அபூர்வம். 1926-ம் வருஷத் தேர்தலில் வப்து மறுபடியும் வென்றது. அப்போது ஹைக்கமிஷனராயிருந்தவர் லாயிட் பிரபு. 1922-ல் காந்தியடிகள் கைதானபோது பம்பாய் கவர்னராயிருந்த அதே ஜார்ஜ் லாயிட் இவர். ஜக்லுல் பிரதம மந்திரியாகக் கூடாதென்று அவர் தடுத்தார். யுத்தக் கப்பல் ஒன்று அலெக்ஸாந்திரியாவை நோக்கி வந்தது.

அச்சமயம் ஜக்லுல் செய்த காரியம் அவருடைய பழைய குறையைத் துடைப்பதாயிருந்தது. பதவிக்காகத் தேசத்தை மற்றொரு மோதலில் இழுக்காமல், தம் பழைய எதிரியான அத்லி பாஷாவே பிரதம மந்திரியாவதற்கு இணங்கினார். மிதவாதிகளோடு கூட்டு ஏற்பட்டது. தாம் சபாநாயகராக அமர்ந்தார். 1921-ல் அவர் விட்டுக்கொடுக்க மறுத்த தலைமையை 1926-ல் தாமாகவே விட்டுக்கொடுத்தார். முன்பே அது நடந்திருந்தால் அந்நியரின் கை அவ்வளவு ஓங்கியிராது என்று நமக்குத் தோன்றுகிறது. பதினைந்து மாதங்களுக்குள் அவர் ஆயுள் முடிந்தது. எகிப்து முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது.

அவருக்கென்று கட்டிய சமாதி மண்டபத்தில் அவருடைய உடலை வைக்கவும் அரசியல் விரோதம் இடங்கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் அவரோடு மால்டாவுக்குச் சென்ற ஸித்கி பாஷாவின் சர்க்கார், அந்த மண்டபத்தில் பழங்கால அரசர்களின் பிணங்களைக் கொண்டுவந்து வைத்தது. 1936-ம் வருஷத்தில்தான் ஜக்லுலின் உடல் அங்கு சேர்ந்தது.

அதே 1936-ம் வருஷத்தில், அவருடைய வாரிசான நஹாஸ் பாஷா பிரிட்டனோடு உடன்படிக்கை செய்துகொண்டார். சூயஸ் பிரதேசத்தில் 10,000 பிரிட்டிஷ் துருப்புக்கள் இருபது வருஷம் இருக்கலாம் என்பது அதன் ஷரத்துக்களில் ஒன்று. ஜக்லுல் இடாத கையெழுத்தைச் சிஷ்யர் இட்டார். 1951 அக்டோபரில் அதே நஹாஸே அவ்வுடன்படிக்கையை ரத்துச் செய்யும்படி நேர்ந்தது. மறு வருஷம் புரட்சி வந்தது. 1956 ஜூன் மாதத்தில் கடைசித் துருப்பு சூயஸை விட்டகன்றது.

மறுப்பு மாத்திரம் ஒரு தேசத்தை விடுவித்துவிடாது. ஜக்லுலின் மறுப்பு எகிப்துக்கு அவர் காலத்தில் பூரண சுதந்திரத்தைத் தரவில்லை. ஆனால் இல்லாத சுதந்திரத்தை இருப்பதாக ஒப்புக்கொள்ளும் இழிவிலிருந்து அது எகிப்தைக் காத்தது. குறையைக் குறையென்றே அறிந்த ஜனங்கள் அதை நிறைவாக்க முயல்வார்கள். நிறைவென்று நம்பவைக்கப்பட்ட ஜனங்கள் உறங்கிவிடுவார்கள். ஜனங்களின் கையெழுத்தை வாங்கிப் பதவிக்கு வருவோர், தாங்கள் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் அந்த ஜனங்களிடம் கேட்டே இடவேண்டும். தோழர்களை இழக்காமல் இதைச் செய்யத் தெரிந்தவரே பூரணமான தலைவர். ஜக்லுல் பாஷா முதற் பாதியை வாழ்நாள் முழுவதும் செய்தார். இரண்டாம் பாதியை அந்திய காலத்தில் கற்றார். தேசப் பணியில் இறங்குவோர் இரண்டையும் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்வது நலம்.